திருகோணமலை வளாகத்தின் வரலாறு எந்த ஆண்டில் தொடங்குகிறது?

சாம்பல்தீவு ரீச்சர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற கிழமை எனது உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி பல்கலைக்கழக அனுமதி விண்ணப்பத்தில் பாடநெறிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தபோது, "ரீச்சர், கோணேசபுரியில் இருக்கிற வளாகம் எந்த வருசம் தொடங்கினது?" என்று கேட்டாள். நானும் அங்கே படித்தவள் என்பதால் யோசிக்காமலே விடை சொன்னேன். 1993 இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது, 2001 இல் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகமாக மாறியது என்றேன். அவள் அதைத் தனது கொப்பியில் குறித்துக்கொண்டாள்.

மாலையில் இதை வீட்டில் சொன்னபோது அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. தான் சிறுவனாக இருந்த காலத்திலேயே திருகோணமலையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் வேண்டும் என்று மேடைகளில் பேசியதைக் கேட்டிருப்பதாகவும், நான் சொன்னது வாசற்பலகை மாட்டிய ஆண்டு மட்டுமே என்றும் சொன்னார். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. நான்கு ஆண்டுகள் நடந்து திரிந்த ஒரு நிலத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது இரண்டு ஆண்டெண்கள்தான் என்பது மனத்தை உறுத்தியது.

எமது பாடசாலை மாணவர்கள் இந்தத் தவணையில் கையெழுத்துச் சஞ்சிகை ஒன்று வெளியிடுகிறார்கள். அதில் வளாகத்தைப் பற்றிய கட்டுரை ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். அதை எந்த ஆண்டிலிருந்து தொடங்க வேண்டும்? அங்கே படித்தவர்களும் படிப்பித்தவர்களும் அந்தக் காலத்தைக் கண்டவர்களும் தாம் அறிந்ததை விரிவாக எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.

உவர்மலை ஐயா எழுதியது:

மகள், உங்கள் அப்பா சொன்னது சரியே. எனக்கு எழுபத்தைந்து வயது கடந்துவிட்டது. நினைவில் நிற்பதை மட்டும் எழுதுகிறேன்.

தமிழ் மொழி மூலம் உயர்கல்வி கற்பதற்குத் தனியொரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற பேச்சு 1950களில் வலுத்தது. அதைத் திருகோணமலையில் அமைக்க வேண்டும் என்று தமிழரசுக் கட்சி நின்றது. வடக்கிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வருகிறவர்களுக்கு இது நடுவான இடம் என்பதும், குடியேற்றங்களால் மாறிக்கொண்டிருந்த இந்த மாவட்டத்தில் தமிழ் பேசும் மக்களுக்கு அது ஊன்றுகோலாக நிற்கும் என்பதும் அவர்கள் முன்வைத்த நியாயங்கள். யாழ்ப்பாணத்தில் அமைக்க வேண்டும் என்றவர்களிடமும் வலுவான நியாயம் இருந்தது. பழைய கல்லூரிகளும் ஆசிரியர்களும் நூலகங்களும் அங்கே ஏற்கெனவே இருந்தன. இரு தரப்பும் ஒன்றுக்கொன்று பகையாகிப் பேசிய பேச்சுகளை இன்று நினைத்தாலும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. தமிழருக்கு மட்டும் வந்த சண்டை என்று இதை நினைத்துவிட வேண்டாம். 1942 இல் உருவான இலங்கைப் பல்கலைக்கழகத்தைக் கொழும்பில் வைப்பதா கண்டியில் வைப்பதா என்ற வாதம் அதற்கு முன்பே ஆண்டுக்கணக்காக நடந்திருக்கிறது.

1957 இல் பிரித்தானியக் கடற்படை இந்தத் துறைமுகத்தை விட்டுப் போனபோது எனக்குப் பாடசாலை வயது. அவர்கள் விட்டுச்சென்ற பெரிய கட்டடங்களைக் கடக்கும் போதெல்லாம், இதற்குள்தான் பல்கலைக்கழகம் வரப்போகிறது என்று என் தகப்பனார் காட்டுவார். வரவில்லை. 1974 ஒக்டோபர் 6 ஆம் திகதி யாழ்ப்பாண வளாகம் பரமேஸ்வராக் கல்லூரி இருந்த இடத்தில் திறக்கப்பட்டது. பேராசிரியர் கைலாசபதி அதன் முதல் தலைவரானார். திருகோணமலைக் கோரிக்கையைக் கைவிடாத தமிழரசுக் கட்சியினர் அந்தத் திறப்பு விழாவை ஏற்கவில்லை. நான் அப்போது துறைமுகத்தில் எழுதுவினைஞனாக வேலை செய்தேன். செய்தியைப் பத்திரிகையில் படித்த அன்று, எங்கள் அலுவலகத்தில் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த நண்பர் ஒருவர் இனிப்பு வாங்கி எல்லோருக்கும் கொடுத்தார். நான் வாங்கிச் சாப்பிட்டேன். தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு கதவு திறந்தது என்ற மகிழ்ச்சி உண்மையானது. அது எங்கள் ஊரில் திறக்கவில்லை என்ற தவிப்பும் உண்மையானதே.

ஆகவே 1950களிலிருந்து தொடங்குங்கள்.

ஆவணப்பெட்டி எழுதியது:

ஐயாவின் நினைவுகளை மதிக்கிறேன். ஆயினும் பாடசாலைச் சஞ்சிகையில் அச்சேறப் போகும் கட்டுரை என்பதால் மாறுபட்ட கருத்தொன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. விரும்பியது வேறு, வந்து சேர்ந்தது வேறு. 1950களில் கேட்கப்பட்டது தமிழ்ப் பல்கலைக்கழகம். 1993 இல் கிடைத்தது அந்தக் கோரிக்கையின் விளைவு அல்ல. 1987 முதல் 1989 வரை தெற்கில் நடந்த இளைஞர் கிளர்ச்சிக்குப் பின்னர், உயர்தரத்தில் சித்தியடைந்தும் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காத இளைஞர்களின் விரக்தியை அரசு கணக்கிலெடுத்து, மாகாணங்கள் தோறும் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரிகளை அமைத்தது. அத்தகைய கல்லூரிகளிலிருந்துதான் சப்ரகமுவ, ரஜரட்டைப் பல்கலைக்கழகங்கள் 1990களின் நடுப்பகுதியில் உருவாகின. வடமாகாணத்துக்கு 1991 இல் கிடைத்த கல்லூரி 1997 இல் வவுனியா வளாகமாக மாறியது. திருகோணமலையும் அந்த வரிசையில் ஒன்று.

இரண்டு தனித்தனி ஓடைகளை ஒரே ஆறாக எழுதினால் மாணவர்கள் காரணகாரியத்தைத் தவறாக விளங்கிக்கொள்வார்கள். 1993 என்று எழுதுவதே முறை.

கிண்ணியாக் கரை எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். நான் அந்த இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரிக் காலத்தில் படித்தவன். ஆவணப்பெட்டித் தம்பி எழுதியதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். அந்தக் கல்லூரிகள் எங்களுக்குக் கொடுத்தது பட்டம் அல்ல, டிப்ளோமாதான். அதனால் சொந்தக்காரர் வீடுகளில் நாங்கள் கம்பஸ் பிள்ளைகளாகவும் எண்ணப்படவில்லை, வேலைக்குப் போகிறவர்களாகவும் எண்ணப்படவில்லை. "படிச்சு முடிச்சா என்ன பேர் போடலாம்?" என்று என் வாப்பா கேட்பார். என்னிடம் பதில் இருக்காது.

வளாக வாழ்க்கை என்று கேட்டால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பாதைதான். கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில்தான் திறந்தார்கள். 396 மீற்றர் நீளம், நாட்டிலேயே நீண்ட பாலம் என்று இன்று எல்லோரும் நின்று படம் பிடிக்கிறார்கள். அதற்கு முன்னர் அந்த நீரைப் பாதையில்தான் கடக்க வேண்டும். இந்த இழையைப் படிக்கும் இளம் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், பாதை என்பது இங்கே தெரு அல்ல. பஸ்ஸையும் மாட்டுவண்டியையும் ஆட்களையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு கரை விட்டுக் கரை போகும் மிதவை. காலையில் அது மறுகரையில் நின்றுவிட்டால் முதல் விரிவுரை போய்விடும். காத்திருக்கும் நேரத்தில் பாதையின் இரும்புத் தட்டிலே உட்கார்ந்து நாங்கள் ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக்கொடுத்தோம். ஆலங்கேணிப் பையன் ஒருவனிடமிருந்து நான் கணக்கியல் பிடித்துக்கொண்டது அங்கேதான். அவன் தமிழன், நான் முஸ்லிம். 1990 இல் எங்கள் இரண்டு ஊர்களும் என்னென்ன கண்டன என்பது இந்த மாவட்டத்தாருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாங்கள் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசியதில்லை. ஆனால் அவன் பிந்தி வந்தால் பாதையை நிறுத்தி வைக்கச் சொல்லி நான் கத்துவேன், நான் பிந்தினால் அவன் கத்துவான்.

வரலாறு எந்த ஆண்டில் தொடங்குகிறது என்பதை நீங்கள் தீர்மானியுங்கள். டிப்ளோமாக்காரர்களையும் அதில் சேருங்கள். 2001 இலிருந்து மட்டும் எழுதினால் நாங்கள் இல்லாமற் போய்விடுவோம்.

வந்தாறுமூலை மரநிழல் எழுதியது:

தாய்ப் பல்கலைக்கழகத்தைப் பற்றி ஒருவரும் எழுதாததால் சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே படித்து, பின்னர் அங்கேயே பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான்.

1981 ஓகஸ்ட் 1 ஆம் திகதி வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலய வளவில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. விஞ்ஞானமும் விவசாயமும்தான் முதற் பாடங்கள். 1986 ஒக்டோபர் 1 ஆம் திகதி அது இலங்கை, கிழக்குப் பல்கலைக்கழகம் ஆனது. நான்கு ஆண்டுகள் நிறைவதற்குள் 1990 இன் போர் வந்துவிட்டது. சுற்றுக் கிராமங்களிலிருந்து ஓடி வந்த ஆயிரக்கணக்கானோருக்கு எங்கள் விரிவுரை மண்டபங்களே தஞ்சமாயின. அந்த ஆண்டு செப்டெம்பர் 5 ஆம் திகதி அங்கிருந்து இராணுவத்தினர் அழைத்துச் சென்ற 158 பேர் திரும்பி வரவில்லை. ஆண்டுதோறும் அந்த நாளில் வாயிலுக்கு வந்து நிற்கும் தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன். 2006 டிசெம்பர் 15 ஆம் திகதி எங்கள் உபவேந்தர், விவசாயப் பேராசிரியர் இரவீந்திரநாத் அவர்கள் கொழும்பில் காணாமற்போனார். இவற்றைத் தவிர்த்துவிட்டு, பீடங்களின் பெயரையும் கட்டடத் திறப்பு விழாக்களையும் மட்டும் அடுக்கினால் அது வரலாறாகாது.

திருகோணமலை வளாகம் எங்களுக்கு நூறு கிலோமீற்றருக்கும் அப்பால் இருந்தது. வெருகல் வழியாக வரும் கரையோர வீதி போர்க்காலத்தில் மூடிக் கிடந்ததால், ஒரு கோப்பில் கையெழுத்து வாங்க வேண்டுமென்றாலும் கந்தளாய், ஹபரணை, பொலன்னறுவை என்று சுற்றி வர வேண்டும். சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, காலையில் புறப்பட்டவர் இருட்டும் நேரத்தில் வந்து சேர்வார். சட்டப்படி வளாகத்துக்கு முதல்வர் ஒருவர் இருந்தார். பாடநெறிகளும் பரீட்சைப் பெறுபேறுகளும் வந்தாறுமூலையின் மூதவை (செனற் சபை) ஏற்ற பின்னரே செல்லும். மாணவர்கள் பெறுபேறு தாமதம் என்று கோபப்படுவார்கள். அந்தக் கோப்பு எத்தனை சாவடி கடந்து வந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது.

மூதூர் மகள் எழுதியது:

எனக்கு அது தெரியாமலே போயிற்று, ஐயா. நானும் கோபப்பட்டவள்தான்.

நான் தொடர்பாடல் வணிகக் கற்கைகள் பீடத்தில் 2006 இல் இரண்டாம் ஆண்டு. அந்த ஆண்டு ஜனவரி 2 ஆம் திகதி மாலை, நகரக் கடற்கரையில் காந்தி சிலைக்கு அருகே கூடியிருந்த மாணவர்கள் ஐந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எங்களைவிட ஓரிரு வயது இளையவர்கள். அன்றிலிருந்து ஐந்து மணிக்கு மேல் விடுதியை விட்டு ஒருவரும் வெளியே போவதில்லை. கடல் நடக்கும் தூரத்தில் இருந்தது. இரவில் அலையின் சத்தம் கேட்கும். ஆண்டு முழுக்க நாங்கள் அதன் கிட்டே போனது நாலைந்து தடவைதான்.

ஓகஸ்ட் மாதம் மூதூரில் சண்டை தொடங்கியபோது நான் விடுதியில் இருந்தேன், அம்மாவும் தம்பிமாரும் ஊரில் இருந்தார்கள். மூன்று நாள்களாக ஒரு தகவலும் இல்லை. பிறகு கந்தளாயில் ஒரு பாடசாலைக்குள் இருக்கிறார்கள் என்று தெரியவந்தது. நான் அங்கே போய் இரண்டு மாதங்கள் அவர்களோடு தங்கிவிட்டேன். திரும்பி வந்தபோது பரீட்சைக்கு மூன்று கிழமைகள்தான் இருந்தன. என்னுடைய குறிப்புகள் மூதூர் வீட்டில் இருந்தன, அந்த வீட்டுக்குக் கூரை இருக்கவில்லை. என் அறைத்தோழி வவுனியாவைச் சேர்ந்தவள். நான் வராத நாள்களின் விரிவுரைகளையெல்லாம் ஒற்றைக்குக் கீழே காபன் தாள் வைத்து எழுதி, எனக்கென்று ஒரு பிரதியைச் சேர்த்து வைத்திருந்தாள். நான் வருவேனா என்பதே நிச்சயமில்லாத நேரத்தில் ஒவ்வொரு நாளும் எழுதியிருக்கிறாள். நான் அந்தப் பரீட்சையில் சித்தியடைந்தது அவளால்தான்.

ரீச்சர், கட்டடங்களைப் பற்றி எழுதும் போது இதற்கும் ஓர் இடம் விடுங்கள். விடுதிச் சோறு, குழாயில் வரும் உவர் நீரில் தோய்த்துத் தோய்த்து வெளிறிய உடுப்பு, கடற்காற்றில் துருப்பிடிக்கும் கட்டில், சிரேஷ்ட அக்காமார் ஒரு தேங்காயை உடைத்துப் பத்துப் பேருக்குச் சம்பல் அரைத்தது, இவையெல்லாம் எனக்கு அந்த ஆண்டைக் கடக்க உதவியவை.

கன்னியா மாணவன் எழுதியது:

நான் இப்போது சித்த மருத்துவம் படிக்கிறேன். அக்கா எழுதியதைப் படித்துவிட்டு, எங்கள் விடுதிக்கு வெளியே போய் கொஞ்ச நேரம் நின்றேன். நாங்கள் விரும்பிய நேரத்தில் கடற்கரைக்குப் போகிறோம். இதுவரை அதை ஒரு விசயமாக நினைத்ததே இல்லை.

சித்த மருத்துவ அலகு 2008 இல் தொடங்கியது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஏற்கெனவே இருந்த பிரிவுக்குப் பிறகு நாட்டில் சித்த மருத்துவப் பட்டம் கொடுக்கும் இரண்டாவது இடம் இதுதான். நாங்கள் உடற்கூற்றியலை ஆங்கிலச் சொற்களோடு படிக்கிறோம், நாடியையும், மருந்துப் பொருள்களின் குணங்களைச் சொல்லும் குணபாடத்தையும் பழைய தமிழ்ச் செய்யுள்களில் படிக்கிறோம். ஒரு செய்யுளில் வரும் மூலிகையின் பெயரும் ஊரில் சொல்லும் பெயரும் வேறுபட்டால், விரிவுரையாளர் எங்களைப் பற்றைக்குள் கூட்டிச்சென்று செடியைக் கையில் தருவார். தமிழ் மொழி மூலம் உயர்கல்வி என்று ஐயா எழுதிய கோரிக்கை, முழுமையாக இல்லாவிட்டாலும், எங்கள் வகுப்பறையில் நடந்துகொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பிரயோக விஞ்ஞான பீடத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கிறவர்கள் ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும் வருகிறார்கள். எங்கள் கிரிக்கெட் அணியில் மூன்று மொழியும் கேட்கும்.

சிரேஷ்டர்கள் புதிய மாணவர்களைத் துன்புறுத்தும் பகிடிவதையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேறொரு பல்கலைக்கழகத்தில் என் அண்ணா முதலாம் ஆண்டிலேயே படிப்பைக் கைவிட்டு வீட்டுக்கு வந்தவர். 1998 இன் 20 ஆம் இலக்கச் சட்டம் அதைக் குற்றமாக்கி எத்தனையோ ஆண்டுகள் ஆன பிறகு நடந்தது அது. அக்காமார் சம்பல் அரைத்துக் கொடுத்த கதையைப் புதிய மாணவர்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டும். சிரேஷ்டர் என்பதற்கு அதுதான் பொருள்.

ஆவணப்பெட்டி எழுதியது:

மூதூர் மகளுக்கும் கிண்ணியா நானாவுக்கும் நன்றி. என் கருத்தின் ஒரு பகுதியை மாற்றிக்கொள்கிறேன். காரணகாரியம் வேறு என்று நான் சொன்னதில் தவறில்லை. ஆனால் ஒரு நிறுவனத்தின் வரலாறு அதை உருவாக்கிய அரசாணையோடு முடிந்துவிடுகிறது என்பதுபோல் எழுதிவிட்டேன், அது தவறு.

கட்டுரையில் இன்னொன்றும் இடம்பெற வேண்டும் என்பது என் விருப்பம். வவுனியா வளாகம் 2021 ஓகஸ்ட் 1 ஆம் திகதி வவுனியாப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிப்பைத் தொடர முடியாமற்போன முஸ்லிம் மாணவர்களுக்காக 1995 இல் தொடங்கிய கல்லூரி, மறு ஆண்டே தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஆனது. திருகோணமலை வளாகமாகவே இருக்கிறது. தனிப் பல்கலைக்கழகமானால், புதிய துறை ஒன்றைத் தொடங்க இன்னொரு ஊரின் மூதவையைக் காத்திருக்க வேண்டியதில்லை. கடல்வளம், துறைமுகம், மீன்பிடி என்று இந்த மாவட்டத்துக்கே உரிய கற்கைகளை இங்கிருந்தே திட்டமிடலாம். இயற்கைத் துறைமுகத்தின் கரையிலே பல்கலைக்கழகத்தை வைத்துக்கொண்டு கடலைப் படிப்பிக்கப் பெரிய பீடம் இல்லாமல் இருப்பது எனக்கு ஆறாத குறை.

வந்தாறுமூலை மரநிழல் எழுதியது:

குறை நியாயமானது. பிரிந்து போவதால் மட்டும் பீடம் வந்துவிடாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். விரிவுரையாளர் பதவிகளுக்கு அனுமதியும் ஆய்வுகூடங்களுக்குப் பணமும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் திறைசேரியும் தர வேண்டும். பெயர்ப்பலகை மாறிய பின்னரும் ஆளணிக்காகக் காத்திருப்பது எப்படியிருக்கும் என்பதை 1986 க்குப் பிந்திய ஆண்டுகளில் நாங்கள் அனுபவித்தோம்.

உவர்மலை ஐயா எழுதியது:

தம்பி ஆவணப்பெட்டி, இரண்டு ஓடைகள் என்று நீங்கள் எழுதியதை நான் இரண்டு நாள் யோசித்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி. நாங்கள் கேட்டதால் 1993 வரவில்லை. நாங்கள் கேட்டது பல்கலைக்கழகம், அது இன்னும் வரவில்லை. அதனால் அந்தக் கோரிக்கையைக் கட்டுரையின் முகப்பில் வைக்கச் சொல்லி நான் வற்புறுத்தவில்லை. அது எங்கே பொருந்துமோ அங்கே ரீச்சர் வைக்கட்டும்.

என் பேத்தி கோணேசபுரியில்தான் படித்தாள். முதல் நாள் நானே கூட்டிச்சென்று வாயிலில் விட்டேன். என் தகப்பனார் காட்டிய கட்டடங்கள் வேறு பக்கம், வளாகம் நிலாவெளி வீதிப் பக்கம். ஆனாலும் அவர் காட்டிய நாள்தான் அன்று நினைவுக்கு வந்தது.

சாம்பல்தீவு ரீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கட்டுரையை எழுதத் தொடங்கிவிட்டேன். முதற் பந்தியை 1993 இல் வைத்திருக்கிறேன், டிப்ளோமா மாணவர்களோடு. 1950களின் கோரிக்கையும் 1974 உம் இரண்டாவது பந்தியில், இவை வேறு வேறு வழிகள் என்று தெளிவாகச் சொல்லி வருகின்றன. 1990 உம் 2006 உம் அதற்குப் பின்னர். 1920களில் திருகோணமலை இந்துக் கல்லூரியின் பொறுப்பை ஏற்றிருந்த சுவாமி விபுலாநந்தர், பின்னர் 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியரானவர் என்பதையும் ஒரு வரியில் சேர்த்தேன். இந்த ஊரில் பாடம் சொன்ன ஒருவர் இரண்டு பல்கலைக்கழகங்களில் தமிழ்த்துறையை வழிநடத்தினார் என்பது என் மாணவிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மூதூர் மகள் தங்கச்சி, அந்தக் காபன் பிரதி உங்களிடம் இன்னும் இருக்கிறதா? ஒரு பக்கத்தைச் சஞ்சிகையில் ஒட்ட விரும்புகிறேன். கிண்ணியா நானா, பாதையை மாணவர்கள் பார்த்ததில்லை. அதன் அமைப்பை ஒரு படமாக வரைந்து அனுப்ப முடியுமா?

மூதூர் மகள் எழுதியது:

இருக்கிறது, அக்கா. ஊதா நிறம் மங்கிப்போயிற்று, ஆனால் வாசிக்கலாம். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொண்டுவருகிறேன். அவள் இப்போது வவுனியாவில் படிப்பிக்கிறாள்.

கிண்ணியாக் கரை எழுதியது:

எனக்கு வரைய வராது, ரீச்சர். ஆலங்கேணிக்காரனுக்கு வரும். இன்று பின்னேரம் அவன் வீட்டுக்குப் போகிறேன்.